கடல் நிறத்தைப் பிரித்துப் பார்ப்பது எப்படி: ராமநாதபுரம் கரையில் புதிதாகத் தொடங்குபவர்களுக்கு

கடல் பச்சையாக மாறினால் "பாசி" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறோம். ஆனால் செப்டம்பர் வாக்கில் மண்டபம் தென்கடலில் பச்சைக் கஞ்சி மாதிரி மிதந்து வருவதும், உப்பளத்து வரப்போரம் சேற்றின் மேல் பச்சைத் தோலாகப் படிந்து கிடப்பதும் ஒன்றுக்கொன்று ஒட்டுறவே இல்லாத உயிர்கள். கண்ணுக்கு இரண்டும் பச்சைதான். கொஞ்சம் தண்ணீரிலும் கொஞ்சம் அசிட்டோனிலும் ஊறவைத்து, அசிட்டோன் சாற்றை ஒரு துண்டுக் காகிதத்தில் ஏற விட்டால் போதும், வித்தியாசம் தானாக வெளியே வந்துவிடும். நிறத்தைப் பார்த்து உடனே பெயர் சொல்லாமல், நிறத்தைப் பிரித்த பிறகு பேசுவது எப்படி என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். கல்லூரி மாணவர்களுக்கும், பள்ளி ஆசிரியர்களுக்கும், கரையில் நடக்கும்போது குனிந்து பார்க்கும் பழக்கம் உள்ள யாருக்கும் இது உதவும்.

அடிப்படையில் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்றுதான். ஒளியைப் பிடித்து உணவு செய்யும் உயிர்களிடம் உள்ள நிறமிகளை இரண்டு கூட்டமாகப் பிரிக்கலாம். பச்சையங்களும் கரோட்டினாய்டுகள் என்ற மஞ்சள், ஆரஞ்சு நிறமிகளும் அசிட்டோனிலும் ஸ்பிரிட்டிலும் கரையும், தண்ணீரில் கரையாது. பைகோஎரித்ரின் என்ற சிவப்பும் பைகோசயனின் என்ற நீலமும் (இரண்டுக்கும் பொதுப்பெயர் பைகோபிலின்) புரதத்தோடு ஒட்டியவை, அதனால் அவை தண்ணீரில் இறங்கும், அசிட்டோனில் இறங்காது. ஏன் இத்தனை விதம் என்று கேட்டால், கடல் தண்ணீர் சிவப்பு ஒளியை முதலில் விழுங்கிவிடுகிறது. சில மீட்டர் கீழே போனாலே நீலமும் பச்சையும்தான் மிச்சம், பச்சையமோ பச்சை ஒளியைச் சரியாகப் பிடிக்காது. அந்த இடைவெளியை நிரப்பத்தான் ஒவ்வொரு கூட்டமும் ஒவ்வொரு துணை நிறமியை வைத்துக்கொண்டிருக்கிறது. யாரிடம் எந்தத் துணை நிறமி என்று கண்டுபிடித்தால் ஆள் யார் என்று பாதி தெரிந்த மாதிரி.

கிளம்பும் முன்: எங்கே போகலாம், எங்கே கூடாது

தூத்துக்குடியிலிருந்து ராமேஸ்வரம் வரை வரிசையாக இருக்கும் 21 தீவுகளும் 1986-இல் அறிவிக்கப்பட்ட மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவுக்குள் வருகின்றன. வனத்துறை அனுமதி இல்லாமல் தீவில் கால் வைக்கக் கூடாது, மாதிரி எடுக்கவும் கூடாது. பவளம் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் முதல் அட்டவணையில் இருக்கிறது, கரை ஒதுங்கிய செத்த துண்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்தாலும் வழக்குதான். "படிப்புக்காகத்தான் சார்" என்பதெல்லாம் அங்கே எடுபடாது. ஆராய்ச்சிக்காகவே வேண்டும் என்றால் கல்லூரி வழியாக முறையாக விண்ணப்பம் போடுங்கள், அதற்கு மாதக்கணக்கில் ஆகலாம்.

புதிதாகத் தொடங்குபவருக்குத் தீவே தேவையில்லை. மண்டபம், அரியமான், தேவிபட்டினம், கீழக்கரை, வாலிநோக்கம் என்று பொதுக் கரையிலும் படகுத்துறையிலும் ஒரு டம்ளர் தண்ணீர் எடுத்தாலே வேலை ஓடும். சதுப்புச் சேறு பார்க்க வேண்டுமா, தொண்டிப் பக்கம் காரங்காட்டில் வனத்துறையும் ஊர் மக்களும் சேர்ந்து அலையாத்திக் காட்டுக்குள் படகு விடுகிறார்கள், அங்கே போய்ப் பார்த்துவிட்டு மட்டும் வாருங்கள். அப்புறம், இது எல்லைக் கடல். பாட்டில், குழாய், டார்ச் என்று கையில் வைத்துக்கொண்டு தனுஷ்கோடியில் சுற்றினால் போலீஸ் கேட்கத்தான் செய்யும். ஆதார் அட்டையும் கல்லூரிக் கடிதமும் பையில் இருக்கட்டும், ட்ரோன் எல்லாம் வேண்டவே வேண்டாம்.

கருவிகளை விடப் பெரிய உதவி கரையில் வலை பின்னிக்கொண்டிருப்பவர்கள். "அண்ணே, ரெண்டு நாளா தண்ணி எப்படி இருக்கு?" என்று கேட்டால் போதும், எங்கே நிறம் மாறியிருக்கிறது, எந்தக் காற்றில் வந்தது, மீன் ஓடிவிட்டதா என்று எல்லாம் வந்துவிடும். கீழக்கரையில் பெரியவர்களைக் காக்கா (அங்கே அண்ணன் என்று அர்த்தம்) என்று கூப்பிட்டுப் பேசுங்கள். ஆனால் ஒன்று, ஏலம் நடக்கிற இடத்தில் நின்று "விஷப்பாசி" என்று சத்தமாகச் சொல்லிவிடாதீர்கள். அன்றைக்கு மீன் விலை விழுந்துவிடும், உங்கள் மேல் வரும் கோபம் நியாயமான கோபம்.

எந்த மாதம், எந்தக் கடல்

பாம்பன் பாலத்துக்கு வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. இங்கே வடகடல், தென்கடல் என்பார்கள். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில், அதாவது மே முதல் செப்டம்பர் வரை, தென்கடல் கலங்கிக் கிடக்கும். ஐப்பசி கார்த்திகையில் வாடை தொடங்கினால் வடகடல் சேறாகும். அதனால் ஒரு பக்கம் கலங்கினால் மறுபக்கம் போகலாம், இந்த வசதி வேறு கரைகளில் அதிகம் கிடையாது. இரண்டு பக்கமும் தெளிவாகப் பார்க்க ஜனவரி முதல் ஏப்ரல் வரை நல்ல காலம்.

வற்றம் ஏற்றம் இங்கே ஒரு மீட்டருக்கும் குறைவு என்பதால் சேற்றுத் திட்டுகள் வெளியே தெரிய அமாவாசை, பௌர்ணமி ஒட்டிய நாட்களைப் பிடியுங்கள். இடுப்பளவுக்கு மேல் இறங்காதீர்கள். கால் தூக்கி வைக்காமல் மணலைத் தேய்த்துக்கொண்டே நடந்தால் திருக்கை விலகிப் போய்விடும்.

பையில் என்ன வேண்டும்

மூடி இறுக்கமான கண்ணாடி பாட்டில்கள் (பழைய ஹார்லிக்ஸ் பாட்டில் அருமை), ஒரு கூல் பாக்ஸ், ஐஸ், கறுப்புத் துணி, பென்சில், வெப்பமானி, கைப்பூதக்கண்ணாடி. மிதப்பவற்றைச் சேர்க்க வலை வேண்டும். ஆய்வுக்கூட வலையின் கண் 20 மைக்ரான், விலையும் அதிகம். ஸ்கிரீன் பிரிண்டிங் சாமான் விற்கும் கடையில் மெல்லிய நைலான் துணி வாங்கிக் கூம்பாகத் தைத்து, நுனியில் ஒரு சின்ன பாட்டிலைக் கட்டிவிட்டால் ஓரளவு பெரிய உயிர்கள் எல்லாம் மாட்டும். தெளிவு அளக்க ஒரு பெயிண்ட் வாளி மூடியை நான்காகப் பிரித்துக் கறுப்பு வெள்ளை அடித்து, கீழே கல் கட்டி, அரை மீட்டருக்கு ஒரு முடிச்சு போட்ட கயிற்றில் இறக்குங்கள். எந்த ஆழத்தில் மறைகிறதோ அதைக் குறித்துக்கொள்ளுங்கள். காலை 10 முதல் மதியம் 2 மணிக்குள், உங்கள் நிழல் விழும் பக்கம் செய்வது நல்லது.

மாதிரி எடுத்ததும் கறுப்புத் துணியில் சுற்றி ஐஸ் பெட்டியில் வையுங்கள். நிறமிக்கு வெயிலும் சூடும்தான் எதிரி. பைக்கில் முன்னால் தொங்கவிட்டுக்கொண்டு ராமநாதபுரம் வந்து சேர்ந்தால் பாட்டிலில் காவி நிறம்தான் மிஞ்சும்.

பாட்டிலை அரை மணி நேரம் சும்மா வையுங்கள்

இது காசில்லாத சோதனை, ஆனால் பலர் செய்வதே இல்லை. நிறம் மாறிய தண்ணீரைத் தெளிவான பாட்டிலில் எடுத்து நிழலில் அசையாமல் வைத்துவிடுங்கள்.

அடியில் படிந்தால் மண் அல்லது டயாட்டம் (கண்ணாடி மாதிரி ஓட்டுக்குள் வாழும் ஒற்றைச் செல் பாசி). மண் நறநறவென்று, சாம்பல் நிறத்தில் இருக்கும். டயாட்டம் என்றால் பொன்பழுப்பு.

மேலே வந்து மிதந்தால் இரண்டு பேரில் ஒருவர் என்று சந்தேகப்படலாம். மரத்தூள் தூவிய மாதிரி, ஒரு மில்லிமீட்டரோ அதைவிடச் சற்று நீளமோ உள்ள நார்க்கட்டுகளாகத் தெரிந்தால் அது டிரைக்கோடெஸ்மியம் என்ற நீலப்பச்சை பாக்டீரியாவாக இருக்க வாய்ப்பு அதிகம். காற்றில்லாத வெயில் நாட்களில், பிப்ரவரி முதல் மே வரை, கடல் மேல் பழுப்புப் பட்டைகளாக வரும். செல்லுக்குள் காற்றுப்பைகள் இருப்பதால் மேலே எழும்புகிறது. காற்றிலுள்ள நைட்ரஜனைத் தானே பிடித்து உரமாக்கிக்கொள்ளும் என்பதால் சத்தில்லாத தெளிந்த நீரிலும் இதனால் பெருக முடிகிறது. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செங்கடலில் இதைப் பார்த்து விவரித்தவர் எரன்பெர்க் என்ற ஜெர்மானியர், அந்தக் கடலுக்குச் சிவப்புப் பெயர் வந்ததே இதனால்தான் என்று சொல்பவர்கள் உண்டு.

மிதப்பவை நாராக இல்லாமல் ஜவ்வரிசியை விடப் பொடியான உருண்டைகளாக, பூதக்கண்ணாடியில் கண்ணாடிக் குமிழ் மாதிரித் தெரிந்தால் அது நாக்டிலூகா. மீனவர்கள் பூங்கோரை என்று சொல்வது இது வரும்போதுதான். 2019 செப்டம்பரில் பாம்பன், மண்டபம் பக்கம் தென்கடல் பச்சையாகி மீன்கள் செத்து ஒதுங்கியது நினைவிருக்கலாம். இதில் வேடிக்கை என்னவென்றால் நாக்டிலூகாவுக்கு என்று சொந்தப் பச்சையம் கிடையாது. அது இரை பிடித்துத் தின்னும் ஒற்றைச் செல் உயிர். பச்சை அத்தனையும் அதன் வயிற்றுக்குள் குடியிருக்கும் பொடிப்பொடியான பச்சைப் பாசிச் செல்களுடையது. மீன் சாவதற்கு நிறம் காரணமில்லை, கூட்டம் அழுகும்போது தண்ணீரில் ஆக்சிஜன் குறைந்து அம்மோனியா ஏறுவதுதான் காரணம். அப்போது ஒதுங்கிய மீனை எடுக்காதீர்கள், அந்தத் தண்ணீரில் குளிக்கவும் வேண்டாம்.

தண்ணீரில் ஒரு பங்கு, அசிட்டோனில் ஒரு பங்கு

சேர்த்ததைத் துணியில் வடித்து, உப்புத் தண்ணீரை நன்றாகப் பிழிந்துவிட்டு இரண்டாகப் பிரியுங்கள்.

முதல் பங்கைக் கொஞ்சம் ஆர்.ஓ. தண்ணீரில் போட்டு ஃப்ரீசரில் உறைய வையுங்கள், அப்புறம் கீழ்த்தட்டில் வைத்து மெதுவாக உருக விடுங்கள். இப்படி மூன்று நான்கு முறை. உப்பில்லாத தண்ணீரும் பனியும் சேர்ந்து செல்லை உடைத்துவிடும். டிரைக்கோடெஸ்மியம் என்றால் தெளிந்த தண்ணீர் ரோஸ் நிறமாகும், அது பைகோஎரித்ரின். உப்பளத்துப் பச்சைத் தோல் என்றால் பெரும்பாலும் நீலம் இறங்கும், அது பைகோசயனின். நாக்டிலூகா என்றால் தண்ணீர் கலங்கும், ஆனால் ரோஸும் வராது நீலமும் வராது. சந்தேகம் இருந்தால் அந்த ரோஸ் தண்ணீரைக் கொதிக்கும் நீரில் பாட்டிலோடு வைத்துப் பாருங்கள், புரதம் வெந்ததும் நிறம் ஓடிவிடும். ஓடாவிட்டால் அது சாயப்பட்டறைக் கழிவோ வேறு ஏதோ, பைகோபிலின் இல்லை.

இதைப் பழகிப் பார்க்க நுண்ணுயிரே தேவையில்லை. கரையில் ஒதுங்கிக் கிடக்கும் கஞ்சிப்பாசி மாதிரியான சிவப்புப் பாசியை நல்ல தண்ணீரில் ஊறப்போட்டால் இதே ரோஸ் இறங்கும். பாசி எடுத்து விற்கும் அக்காக்கள் மணலில் காயப்போட்ட பாசி வெளுத்துப் போவதும் இந்த நிறமி வெயிலில் அழிவதால்தான். அதேபோல் கட்டைக்கோரை என்ற பழுப்புக் கடற்பாசியைச் சுடுதண்ணீரில் முக்குங்கள், கண்முன்னால் பச்சையாகும். ஃபியூக்கோசாந்தின் என்ற ஆரஞ்சு நிறமி புரதத்தோடு ஒட்டியிருக்கும்வரைதான் பழுப்பு, சூட்டில் பிடி விட்டதும் உள்ளே இருந்த பச்சை தெரிந்துவிடுகிறது. டயாட்டத்திலும் இதே நிறமிதான்.

இரண்டாவது பங்குக்கு அசிட்டோன். மெடிக்கல் கடை சர்ஜிக்கல் ஸ்பிரிட்டிலும் வரும், ஆனால் அசிட்டோனில் சுத்தமாக வரும். 9 பங்கு அசிட்டோன், 1 பங்கு தண்ணீர் என்று கலந்து, மாதிரியைக் கொஞ்சம் சுத்தமான மணலோடு சேர்த்து அரைத்து, ஊற்றி, கண்ணாடி பாட்டிலில் மூடி, ஃபாயில் சுற்றி ஐஸ் பெட்டியில் ஓர் இரவு வையுங்கள். வீட்டு ஃப்ரிட்ஜில் வைக்காதீர்கள், அசிட்டோன் ஆவி அடைபட்ட இடத்தில் தீப்பிடிக்கக் கூடியது. அடுப்படிப் பக்கமே போகக் கூடாது, ஜன்னல் திறந்திருக்க வேண்டும், தெர்மாகோல் கப்பில் ஊற்றினால் கப் கரைந்து மேஜையில் ஓடும். காலையில் பச்சைச் சாறு தயாராக இருக்கும். அதில் ஒரு சொட்டு எலுமிச்சை விட்டால் பளிச்சென்ற பச்சை மங்கிப் பழுப்பாகும். புளி சேர்த்த கீரை நிறம் கெடுவதும் இதே கதைதான், பச்சையத்தின் நடுவில் உள்ள மெக்னீசியத்தை அமிலம் பிடுங்கிவிடுகிறது. மாதிரியை வெயிலில் விட்டால் எதுவும் சேர்க்காமலே இப்படி ஆகும் என்பதால்தான் முன்னமே ஐஸ் பற்றி அவ்வளவு சொன்னேன்.

காகிதத்தில் ஏற்றுவது

ரஷ்யத் தாவரவியலாளர் மிகைல் ஸ்வெட் 1900-களின் தொடக்கத்தில் சுண்ணத்தூள் நிரப்பிய கண்ணாடிக் குழாயில் இலைச் சாற்றை ஊற்றிப் பட்டை பட்டையாகப் பிரித்தார். நாம் காகிதத்தில் செய்யப் போகிறோம்.

வாட்மேன் 1 என்ற ஆய்வக வடிதாளை 2 செ.மீ. அகலம், 15 செ.மீ. நீளத்துக்கு வெட்டுங்கள். அடியிலிருந்து 2 செ.மீ. விட்டு பென்சிலால் கோடு, பேனா கூடாது, மையும் சேர்ந்து ஏறும். கோட்டில் சாற்றை ஊசிமுனையால் வைத்துக் காயவிட்டு, மறுபடி வைத்து, கரும்பச்சைப் புள்ளி ஆகும்வரை தொடருங்கள். பொறுமை இல்லாதவர்களுக்குக் காகிதத்தில் எதுவும் தெரியாது. ஹார்லிக்ஸ் பாட்டில் அடியில் 9 பங்கு பெட்ரோலியம் ஈதர், 1 பங்கு அசிட்டோன் ஊற்றி (ஈதருக்குத் தெரிந்த வேதியியல் ஆசிரியரைப் பிடியுங்கள், அவர் முன்னிலையிலேயே செய்வது இன்னும் நல்லது), புள்ளி திரவத்தில் முங்காமல் காகிதத்தைத் தொங்கவிட்டு மூடுங்கள். திரவம் உச்சிக்கு ஒரு விரல் கீழே வரும்போது எடுத்து உடனே பென்சிலால் பட்டைகளைக் குறியுங்கள், அவை சீக்கிரம் மங்கிவிடும்.

மேலே மஞ்சள் ஆரஞ்சாக ஓடிப்போய் நிற்பது கரோட்டின். அதற்குக் கீழே சாம்பல் பட்டை வந்தால் உங்கள் பச்சையம் கெட்டுவிட்டது என்று அர்த்தம். பிறகு மஞ்சள் சாந்தோஃபில்கள், அதன் கீழே நீலப்பச்சையாகப் பச்சையம் ஏ, அதற்கும் கீழே மஞ்சள்பச்சையாகப் பச்சையம் பி. இந்தக் கடைசிப் பட்டைதான் முக்கியம். நாக்டிலூகா வயிற்றுப் பாசியில் பி இருக்கும், சுவர்ப்பாசியிலும் முருங்கைக்கீரையிலும் இருக்கும். டிரைக்கோடெஸ்மியத்திலும் உப்பளத் தோலின் நீலப்பச்சை பாக்டீரியாவிலும் இருக்காது, டயாட்டத்திலும் இருக்காது. டயாட்டத்தில் அதற்குப் பதில் ஃபியூக்கோசாந்தின் ஆரஞ்சு பளிச்சென்று வரும், பச்சையம் சி அடியிலேயே தங்கிவிடும். முதல் தடவை பக்கத்தில் முருங்கைக்கீரைச் சாறு ஒரு துண்டும் ஏற்றிக்கொள்ளுங்கள், பி எங்கே நிற்கும் என்று கண்ணுக்குப் பழகும்.

தொடக்கத்தில் சொன்ன இரண்டு பச்சையும் இங்கே பிரிந்துவிடும். பி உண்டு, தண்ணீரில் நிறம் இறங்கவில்லை என்றால் நாக்டிலூகா பக்கம். பி இல்லை, தண்ணீரில் நீலம் இறங்கியது என்றால் நீலப்பச்சை பாக்டீரியா. இதற்கு விலக்கும் உண்டு. வெப்பமண்டலப் பவளத்திட்டுகளில் கூட்டமாக வாழும் கடற்குடுவைகள் (பாறையில் ஒட்டி வாழும் பை மாதிரியான சிறு விலங்குகள்) சிலவற்றுக்குள் குடியிருக்கும் புரோக்ளோரான், 1970-களில் ரால்ஃப் லெவின் விவரித்தது, பாக்டீரியாவாக இருந்துகொண்டே பச்சையம் பி வைத்திருக்கிறது, பைகோபிலினை விட்டுவிட்டது. பலாவு தீவில் அதே மாதிரிக் கடற்குடுவையிலிருந்து 1990-களில் கிடைத்த அக்கரியோகுளோரிஸ் இன்னும் ஒரு படி மேலே போய்ப் பச்சையம் டி என்பதை வைத்து, மற்றவர்கள் தின்று மிச்சம் விட்ட 710 நானோமீட்டர் அலைநீளத்துப் பக்கத்து, நம் கண்ணுக்குச் சரியாகத் தெரியாத சிவப்பில் வாழ்கிறது. காகிதம் மட்டும் வைத்து இதைக் கண்டுபிடிக்கலாம் என்று கிளம்பிவிடாதீர்கள்.

நீல டார்ச்

ரூபாய் நோட்டு பார்க்கும் புற ஊதா டார்ச்சை இருட்டறையில் அசிட்டோன் சாற்றின் மேல் அடியுங்கள், பச்சைச் சாறு ரத்தச் சிவப்பாக ஒளிரும். ரோஸ் தண்ணீர் மேல் நீல அல்லது பச்சை டார்ச் அடித்து, கண்ணுக்கு முன் ஆரஞ்சு ஜெலட்டின் தாள் பிடித்தால் பைகோஎரித்ரின் ஆரஞ்சாக மின்னும். 1979-இல் கடலில் சினெகோகாக்கஸ் என்ற பொடி நீலப்பச்சை பாக்டீரியா எவ்வளவு நிறைந்திருக்கிறது என்று தெரிந்ததே நுண்ணோக்கியில் இந்த ஆரஞ்சு மினுக்கலை வைத்துத்தான். அதைவிடச் சிறிய புரோகுளோரோகாக்கஸை, அரை மைக்ரானுக்குச் சற்று மேல்தான் அதன் அளவு, சாலி சிஷோம் குழுவினர் 1988-இல் அறிவித்தார்கள். இந்த இரண்டும் உங்கள் நைலான் வலையில் நிற்கவே நிற்காது. டார்ச்சை யார் கண்ணிலும் அடிக்காதீர்கள்.

பவளம்: பார்க்க மட்டும்

பவளத்தின் பழுப்பு அதன் திசுவுக்குள் இருக்கும் சூசாந்தெல்லே என்ற ஒற்றைச் செல் பாசிகளுடையது, பெரிடினின் என்ற நிறமிதான் அந்தப் பழுப்பைத் தருகிறது. பளீர் ரோஸும் ஊதாவும் பவளம் தானே செய்யும் புரதங்கள். ஏப்ரல் முதல் ஜூன் வரை தண்ணீர் 30 டிகிரியைத் தாண்டி நீடித்தால் பாசிகள் வெளியேறி, கண்ணாடித் திசு வழியே வெள்ளை எலும்பு தெரியும். மன்னார் வளைகுடாவில் 1998, 2010, 2016 ஆண்டுகளில் இது பெரிய அளவில் நடந்தது. வெளுத்தது எல்லாம் செத்தது என்று எழுதிவிடாதீர்கள், சில வாரத்தில் தண்ணீர் குளிர்ந்தால் பல திரும்பிவிடும். படகிலிருந்து புகைப்படம் எடுக்கும்போது ஒரு வெள்ளை அட்டையும் படத்தில் வருகிற மாதிரி வையுங்கள், இல்லாவிட்டால் கேமரா சொல்லும் நிறத்தை நம்ப முடியாது.

உப்பளப் பக்கம்

என்னைக் கேட்டால் தொடங்குவதற்குச் சிறந்த இடம் வாலிநோக்கம், மாரியூர் உப்பளப் பகுதிதான். கேட்டு அனுமதி வாங்கி வரப்போரம் நடங்கள். கோடையில் உப்பு விளையும் பாத்திகள் செம்மையாக மாறுவது இரண்டு பேரால். ஒருவர் துனாலியெல்லா என்ற பாசி, உள்ளே பச்சையம் இருந்தும் பீட்டா கரோட்டினைச் சேர்த்து வைத்துக்கொண்டு ஆரஞ்சாகிவிடுவது. இன்னொருவர் உப்பு விரும்பும் ஆர்க்கியாக்கள் (பார்க்க பாக்டீரியா மாதிரி, ஆனால் வேறு கூட்டத்து நுண்ணுயிர்கள்), அவற்றின் சிவப்பு பாக்டீரியோரூபெரின். இதில் காகிதத்தில் பச்சையப் பட்டை வந்தால் துனாலியெல்லா உண்டு என்று தெரிந்துகொள்ளலாம்.

ஈரச் சேற்றுத் தோலைக் கத்தியால் ஒரு கட்டி வெட்டிப் பக்கவாட்டில் பாருங்கள். மேலே டயாட்டப் பழுப்பு, கீழே நீலப்பச்சை பாக்டீரியாவின் பச்சை, அதற்கும் கீழே ஊதா கந்தக பாக்டீரியா, கடைசியில் முட்டை அழுகிய நாற்றத்தோடு கறுப்பு. ஊதாக்காரர்களிடம் இருப்பது பச்சையத்தின் உறவான பாக்டீரியோகுளோரோஃபில், மேலே உள்ளவர்கள் விட்டுவிட்ட, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை அது பிடிக்கிறது. கடலில் பல மீட்டர் ஆழத்தில் நடக்கும் ஒளிப் பங்கீடு இங்கே ஒரு சென்டிமீட்டருக்குள் நடந்துவிடுகிறது. அடுக்குகளைத் தனித்தனியே பிளேடால் எடுத்து ஒவ்வொன்றுக்கும் ஒரு காகிதம் ஏற்றுங்கள்.

கல்லூரியில் ஸ்பெக்ட்ரோ (ஒளி உறிஞ்சலை அளக்கும் கருவி) இருந்தால்

அளவு எடுத்த கடல் நீரைக் கண்ணாடி நார் வடிதாளில் வடித்து, 90 சதவீத அசிட்டோனில் ஊறவைத்து, 664, 647, 630 நானோமீட்டரில் ஒளி உறிஞ்சும் அளவைப் படியுங்கள். கலங்கலுக்காக 750-இன் அளவை ஒவ்வொன்றிலும் கழியுங்கள். பிறகு 11.85 × 664 அளவு, அதிலிருந்து 1.54 × 647 அளவு, 0.08 × 630 அளவு இரண்டையும் கழித்து, வந்ததைச் சாற்றின் மில்லியால் பெருக்கி, வடித்த லிட்டராலும் குவெட் (கருவியில் சாறு ஊற்றி வைக்கும் குப்பி) அகலத்தின் சென்டிமீட்டராலும் வகுத்தால் லிட்டருக்கு இத்தனை மைக்ரோகிராம் பச்சையம் ஏ என்று கிடைக்கும். 1975-இல் ஜெஃப்ரி, ஹம்ஃப்ரி இருவரும் தந்த சமன்பாடு இது.

குறிப்பேட்டில் தேதி, நேரம், இடம், காற்று எந்தப் பக்கம், வற்றமா ஏற்றமா, வெப்பநிலை, வாளிமூடி மறைந்த ஆழம், பாட்டிலில் மிதந்ததா படிந்ததா, தண்ணீரில் என்ன நிறம், காகிதத்தில் என்ன பட்டை என்று எழுதி வையுங்கள். பெயர் எழுதும் இடத்தைக் கடைசியில் விடுங்கள், பென்சிலால் எழுதுங்கள். குருசடைத் தீவுப் பாசிகளைப் பற்றி 1920-களிலேயே பாசியியலாளர் எம்.ஓ.பி. ஐயங்கார் எழுதியிருக்கிறார், மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மண்டல மையமும் கடற்பாசி ஆராய்ச்சி நிலையமும் இருக்கின்றன, ஆகவே உங்கள் பட்டியலைக் காட்டிச் சரிபார்க்க ஆள் கிடைப்பது கடினமில்லை. மிச்ச அசிட்டோனையும் ஈதரையும் சாக்கடையிலோ கடலிலோ ஊற்றாமல், மூடிய பாட்டிலில் பெயர் ஒட்டிக் கல்லூரி ஆய்வகக் கழிவோடு சேர்த்துவிடுங்கள்.